தென்னிந்திய வௌவால்களின் எதிரொலி அதிர்வெண்கள்

தென்னிந்திய வௌவால்களின் எதிரொலி அதிர்வெண்கள் என்பன, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பூச்சியுண்ணும் வௌவால்கள் இருளில் வழியறியவும் இரை தேடவும் எழுப்பும் மீயொலிகளின் அதிர்வெண்கள் ஆகும். இவை இனத்துக்கு இனம் பெரிதும் வேறுபடுகின்றன. மரங்களுக்கு மேலே உயரப் பறக்கும் தனிவால் வௌவால் ஏறத்தாழ 20 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் ஒலி எழுப்ப, புதர்களுக்கிடையே தாழப் பறக்கும் சிறிய இலைமூக்கு வௌவால் 150 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் ஒலி எழுப்புகிறது. ஓர் இனத்துக்குள்ளேயே பால், அகவை, வாழிடம் ஆகியவற்றைப் பொறுத்தும் அதிர்வெண் மாறுபடுவதுண்டு. இவ்வேறுபாடுகள் எவ்வாறு தோன்றின, ஏன் நிலைத்தன என்பது விலங்கியலில் விரிவாக ஆராயப்பட்ட வினாக்களுள் ஒன்று. இவ்வினாவுக்கான அடிப்படைச் சான்றுகளில் கணிசமான பகுதி மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளிலும், இலங்கையின் காடுகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் திரட்டப்பட்டது.

பின்னணி

வௌவால்கள் பாலூட்டிகளில் கொறிணிகளுக்கு அடுத்த பெரிய வரிசையைச் சேர்ந்தவை. உலகில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்களும், இந்தியாவில் 120க்கும் மேற்பட்ட இனங்களும் அறியப்பட்டுள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை பூச்சிகளை உண்பவை. பழந்தின்னி வௌவால்கள் கண்பார்வையையும் மோப்பத்தையும் நம்பி வாழ்கின்றன. அவற்றுள் குகையில் தங்கும் ரூசெட்டஸ் பேரினம் மட்டும் நாவால் சொடுக்கொலி எழுப்பி எதிரொலியைப் பயன்படுத்துகிறது. ஏனைய எதிரொலி வௌவால்கள் குரல்வளையால் ஒலி எழுப்புகின்றன.

வௌவால் காதால் வழியறிகிறது என்பதை 1790களில் இத்தாலியரான லாசரோ ஸ்பலன்சானியும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த லூயி ஜூரினும் செய்த சோதனைகள் உணர்த்தின. கண்ணை மறைத்தாலும் வௌவால் தடையின்றிப் பறந்தது. காதை அடைத்தபோது தடுமாறியது. ஆயினும் மனிதச் செவிக்கு எட்டாத ஒலியொன்று இதில் பங்கு கொள்கிறது என்பது அக்காலத்தில் தெரியவில்லை. 1938ஆம் ஆண்டில் அமெரிக்கரான டொனால்ட் கிரிஃபின், ஜி. டபிள்யூ. பியர்ஸ் உருவாக்கிய மீயொலிக் கருவியின் துணையுடன் அவ்வொலியைக் கண்டறிந்தார். 'எதிரொலி இடங்காணல்' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை 1944ஆம் ஆண்டில் அவரே ஆக்கினார்.

ஒலியின் வகைகள்

வௌவால் எழுப்பும் ஒலிகளை மூன்று பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம்.

- சரியும் அதிர்வெண் ஒலி: சில மில்லி நொடிகளுக்குள் உயர்ந்த அதிர்வெண்ணிலிருந்து தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு விரைந்து இறங்குவது. பல அதிர்வெண்களை உள்ளடக்குவதால் பொருளின் தொலைவையும் மேற்பரப்பின் தன்மையையும் துல்லியமாக அளக்க உதவுகிறது.
- குறுகிய பட்டை ஒலி: ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில் சில மில்லி நொடிகள் நீடிப்பது. ஆற்றல் முழுவதும் ஒரு சிறு பட்டையில் குவிவதால் தொலைவிலுள்ள இரையைக் கண்டறிய ஏற்றது.
- நீண்ட நிலை அதிர்வெண் ஒலி: குதிரைலாட வௌவால்களிடம் பல பத்து மில்லி நொடிகள் வரை மாறாத அதிர்வெண்ணில் ஒலித்து, முடிவில் சிறிது சரிவது. இலைமூக்கு வௌவால்களும் இதே அமைப்புடைய, ஆனால் குறுகிய ஒலியைப் பயன்படுத்துகின்றன.

வௌவால் எழுப்பும் ஒலி ஒரு அடிப்படை அதிர்வெண்ணையும் அதன் மடங்குகளான சீரிசைகளையும் கொண்டது. எந்தச் சீரிசையில் ஆற்றல் மிகுதியாக உள்ளதோ அதுவே அந்த இனத்தின் முதன்மை அதிர்வெண்ணாகக் குறிக்கப்படுகிறது. குதிரைலாட வௌவால்களிலும் இலைமூக்கு வௌவால்களிலும் பொதுவாக இரண்டாம் சீரிசையே முதன்மையானது.

அதிர்வெண்ணைக் கட்டுப்படுத்தும் இயற்பியல்

ஒலியின் அலைநீளம், அதன் வேகத்தை அதிர்வெண்ணால் வகுக்கக் கிடைக்கும் அளவாகும். வெப்பமான காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்கிறது. எனவே 20 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 17 மில்லிமீட்டர். 80 கிலோ ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சுமார் 4.3 மில்லிமீட்டர்; 150 கிலோ ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சுமார் 2.3 மில்லிமீட்டர். அலைநீளத்தை விட மிகச் சிறிய பொருள் ஒலியைச் சரிவரத் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே கொசு போன்ற சிறு பூச்சிகளிடமிருந்து வலுவான எதிரொலி பெற உயர்ந்த அதிர்வெண் தேவைப்படுகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு தடையும் உண்டு. அதிர்வெண் உயர உயரக் காற்று ஒலியை மிகுதியாக உட்கவர்கிறது. 20 கிலோ ஹெர்ட்ஸ் ஒலி மீட்டருக்கு அரை டெசிபெல் அளவில் மங்குகிறது. 100 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியோ மீட்டருக்குச் சுமார் 3 டெசிபெல் மங்குகிறது. காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பொறுத்து இவ்வளவுகள் மாறும். ஒலி இரைவரை சென்று மீண்டும் வரவேண்டியிருப்பதால் இழப்பு இருமடங்காகிறது. பத்து மீட்டர் தொலைவிலுள்ள பூச்சியை 100 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியால் தேடினால், காற்றின் உட்கவர்தலால் மட்டும் ஏறத்தாழ 60 டெசிபெல் இழக்கப்படும்.

ஆகவே தொலைவும் நுணுக்கமும் ஒருங்கே கிட்டுவதில்லை. தாழ்ந்த அதிர்வெண் தொலைவு செல்லும், சிறு பொருளைத் தவறவிடும். உயர்ந்த அதிர்வெண் நுணுக்கமாகக் காட்டும், சில மீட்டர்களுக்குள் அடங்கிவிடும். ஒவ்வோர் இனமும் இவ்விரண்டுக்கும் இடையில் தன் வாழ்முறைக்கேற்ற ஓர் இடத்தில் நிற்கிறது.

மதுரை ஆய்வுகள்

செருமானிய விலங்கியலாளர் கெர்ஹார்ட் நாய்வைலரும் அவருடைய குழுவினரும் 1970களின் இறுதியிலும் 1980களிலும் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து மதுரை வட்டாரத்து வௌவால்களை ஆராய்ந்தனர். அப்பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் தலைமையில் உயிரியல் கடிகாரம் பற்றிய ஆய்வுக்குழு இயங்கி வந்தது. மதுரைக்கு அருகிலுள்ள சமணர் மலைக் குகைகளில் தங்கும் வௌவால்கள் இக்குழுவின் ஆய்வுப் பொருளாயிருந்தன. ஜி. மாரிமுத்து, கே. ஸ்ரீபதி ஆகியோரும் செருமனியின் யோர்க் ஹாபர்செட்சரும் இவ்வாய்வுகளில் குறிப்பிடத்தக்கவர்கள்.

ஒரே வட்டாரத்தில் ஒரே இரவில் இரை தேடும் பல இனங்களின் பறக்கும் உயரம், ஒலி, கேட்புத்திறன் ஆகிய மூன்றையும் சேர்த்து அளந்தது இவ்வாய்வுகளின் சிறப்பு. 1984ஆம் ஆண்டில் வெளியான கட்டுரைகள், ஒவ்வோர் இனத்தின் செவியும் அந்த இனம் எழுப்பும் ஒலிக்கே கூர்மையாகப் பொருந்தியிருப்பதைக் காட்டின. தென்னிந்திய இனங்களின் நிலை சுருக்கமாகப் பின்வருமாறு:

- எகிப்தியத் தனிவால் வௌவால்: மர உச்சிகளுக்கு மேலே, திறந்த வானில் விரைந்து பறப்பது. ஏறத்தாழ 20 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் நீண்ட, குறுகிய பட்டை ஒலி.
- கல்லறை வௌவால்கள்: திறந்த வெளியில் உயரப் பறப்பவை. 20 முதல் 30 கிலோ ஹெர்ட்ஸ் வரை.
- சிறிய எலிவால் வௌவால்: பாறைக் குன்றுகளை ஒட்டிய திறந்த வெளி. 30 முதல் 35 கிலோ ஹெர்ட்ஸ் வரை.
- பிபிஸ்ட்ரெல் வகைச் சிறு வௌவால்கள்: மரங்களின் விளிம்பிலும் தெருவிளக்கைச் சுற்றியும் பறப்பவை. சரியும் ஒலி பெரும்பாலும் 40 முதல் 50 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் முடிவடையும்.
- ஷ்னைடரின் இலைமூக்கு வௌவால்: இலைத்தொகுதிகளின் அருகில் இரை தேடுவது. 127 முதல் 138 கிலோ ஹெர்ட்ஸ் வரை.
- இருநிற இலைமூக்கு வௌவால் என அக்காலத்தில் அழைக்கப்பட்ட இனம்: செடிகொடிகளுக்கிடையே தரையை ஒட்டிப் பறப்பது. சுமார் 150 கிலோ ஹெர்ட்ஸ். அப்பெயர் பின்னர் தென்கிழக்காசிய இனத்துக்கு மட்டும் உரியதாக வகைப்பாட்டியலாளரால் வரையறுக்கப்பட்டது.
- பெரிய போலி இரத்தமுறிஞ்சி வௌவால்: தரையிலும் இலைகளிலும் உள்ள இரையைக் கவர்ந்து செல்வது. பல சீரிசைகள் கொண்ட, மிகவும் மெல்லிய, குறுகிய ஒலி.

இப்பட்டியலில் மேலிருந்து கீழாகச் செல்லும்போது பறக்கும் வெளி நெருக்கமாகிறது. நிலையான ஒலி எழுப்பும் இனங்களின் அதிர்வெண் உயர்கிறது. திறந்த வானில் விரைந்து பறக்கும் வௌவாலுக்கு இரையைத் தொலைவிலேயே அறிவது இன்றியமையாதது. இலைகளுக்கிடையே மெல்லப் பறப்பதற்கோ அருகிலுள்ள பூச்சியை இலையிலிருந்து பிரித்தறிவதே தேவை.

பட்டியலின் கடைசி இனம் இவ்விதியிலிருந்து விலகுகிறது. போலி இரத்தமுறிஞ்சி வௌவால் பெரும்பாலும் இரை எழுப்பும் சலசலப்பைக் கேட்டே அதைப் பிடிக்கிறது என்பதை மாரிமுத்துவும் நாய்வைலரும் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். அசையாத இரையை அது பொருட்படுத்தவில்லை. நகர்ந்து ஒலி எழுப்பிய இரையைத் துல்லியமாகத் தாக்கியது. இத்தகைய வௌவாலுக்கு ஒரே அதிர்வெண்ணில் உரத்து ஒலிப்பதால் பயன் இல்லை.

கூட்டத்தில் அதிர்வெண் மாற்றம்

அதிர்வெண் என்பது எல்லா இனங்களிலும் மாறாத ஒன்றன்று. சிறிய எலிவால் வௌவாலைக் களத்தில் ஆராய்ந்த ஹாபர்செட்சர், தனியே பறக்கும்போது அது 32.5 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் ஒலிப்பதையும், கூட்டமாகப் பறக்கும்போது 30, 32.5, 35 கிலோ ஹெர்ட்ஸ் என்னும் மூன்று பட்டைகளில் ஒலிகள் பிரிவதையும் 1981ஆம் ஆண்டில் அறிவித்தார். அருகிலுள்ள வௌவாலின் ஒலியோடு தன் எதிரொலி கலந்து குழம்புவதைத் தவிர்க்கும் வழியாக இது கருதப்படுகிறது. நொடிப்பொழுதில் நிகழும் இம்மாற்றம் மரபு சார்ந்ததன்று, நடத்தை சார்ந்தது. பரிணாமத்தால் ஏற்பட்ட வேறுபாட்டை ஆராய்வோர் இத்தகைய உடனடி மாற்றங்களை முதலில் பிரித்தறிய வேண்டியுள்ளது.

குதிரைலாட வௌவால்களும் செவிக்குழிவும்

குதிரைலாட வௌவால்களிடம் இத்தகைய தளர்வு மிகக் குறைவு. அவற்றின் உட்செவியிலுள்ள நத்தைச்சுருளில், தம் நிலை அதிர்வெண்ணை ஒட்டிய மிகக் குறுகிய பட்டைக்கென நீண்ட பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. விழித்திரையில் கூர்ந்த பார்வைக்கென அமைந்த குழிவை ஒத்திருப்பதால் இது செவிக்குழிவு எனப்படுகிறது. இப்பட்டைக்குள் விழும் எதிரொலியில் ஏற்படும் நுண்ணிய ஏற்ற இறக்கங்களை வௌவால் உணர்கிறது. பூச்சி சிறகடிக்கும்போது எதிரொலியில் மினுக்கம் போன்ற மாற்றம் உண்டாகிறது. அசையாத இலைகளின் எதிரொலியில் அது இல்லை. நெருக்கமான காட்டில் இரையைக் காண இவ்வினங்கள் கையாளும் வழி இதுவே.

வௌவால் முன்னோக்கிப் பறக்கும்போது டாப்ளர் விளைவால் எதிரொலியின் அதிர்வெண் உயர்ந்துவிடும். 80 கிலோ ஹெர்ட்ஸில் ஒலிக்கும் வௌவால் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பறந்தால் எதிரொலி ஏறத்தாழ 2.3 கிலோ ஹெர்ட்ஸ் உயர்ந்து, செவிக்குழிவின் எல்லையைத் தாண்டிவிடும். இதைத் தவிர்க்க வௌவால் தான் எழுப்பும் ஒலியை அதே அளவுக்குத் தாழ்த்திக் கொள்கிறது. டாப்ளர் ஈடுசெய்தல் எனப்படும் இந்நடத்தையைச் செருமானியரான ஹன்ஸ்-உல்ரிக் ஷ்னிட்ஸ்லர் 1968ஆம் ஆண்டில் விவரித்தார். இலைமூக்கு வௌவால்களிடமும் இது உண்டு. ஆனால் மதுரை இனங்களில் அது முழுமையற்றதாகவே காணப்பட்டது.

இவ்வமைப்பு பரிணாமத்துக்கு ஒரு கடிவாளமாகிறது. குரல் மட்டும் மாறிச் செவி மாறாவிட்டால் அவ்வௌவால் தன் எதிரொலியையே சரிவரக் கேட்காது. ஆகவே அதிர்வெண் மாறும்போது குரல்வளை, செவிக்குழிவு, மூளையின் கேட்புப் பகுதி ஆகியன ஒருசேர மாற வேண்டும். மூக்கின் வழியே ஒலிக்கும் இவ்வினங்களில் மூக்குத்துளைகளின் இடைவெளியும் அலைநீளத்தின் பாதியளவுக்குப் பொருந்தி அமைந்து, ஒலிக்கற்றையைக் குவிக்கிறது.

ஓர் இனத்துக்குள் வேறுபாடு

செந்நிறக் குதிரைலாட வௌவாலை 1835ஆம் ஆண்டில் டெம்மிங்க் விவரித்தார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவியுள்ள இவ்வினம், உள்ளினத்து வேறுபாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. நாய்வைலர் குழுவினர் இலங்கையில் மேற்கொண்டு 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இதன் நிலை அதிர்வெண் 73.5 முதல் 79 கிலோ ஹெர்ட்ஸ் வரை இருந்தது. ஆண்கள் தாழ்ந்த பகுதியிலும் பெண்கள் உயர்ந்த பகுதியிலும் ஒலித்தன. தென்னிந்தியாவில் இவ்வினத்தின் ஒலி 80 கிலோ ஹெர்ட்ஸையும் அதற்குச் சற்று மேலும் அமைகிறது.

அகவையும் அதிர்வெண்ணை மாற்றுகிறது. பிறந்த குட்டி தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலிக்கத் தொடங்கி, வளர வளர உயர்த்திக்கொண்டே வந்து வளர்ந்த வௌவாலின் அளவை அடைகிறது. செவிக்குழிவும் உடன் உயர்கிறது என்பதை ரூடால்ஃப் ரூப்சாமென் இவ்வினத்திலேயே ஆராய்ந்து 1987ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிரித்தானியாவின் பெரிய குதிரைலாட வௌவால்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த கேரத் ஜோன்ஸும் ரோஜர் ரான்சமும், குட்டியின் அதிர்வெண் தாயின் அதிர்வெண்ணோடு தொடர்புடையது என்றும், அது வாழ்நாளில் அகவைக்கேற்ப மாறுகிறது என்றும் 1993ஆம் ஆண்டில் காட்டினர். ஆகவே ஒரு வட்டார ஒலி தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதற்கு மரபணு மட்டுமன்றித் தாயிடமிருந்து கற்றலும் காரணமாகலாம்.

ஒலியால் பிரிந்த இரு இனங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் செந்நிறக் குதிரைலாட வௌவால் எனக் கருதப்பட்டவற்றுள் இரு ஒலி வகைகள் இருப்பது பின்னர் கண்டறியப்பட்டது. ஒன்று சுமார் 80 கிலோ ஹெர்ட்ஸிலும் மற்றொன்று சுமார் 90 கிலோ ஹெர்ட்ஸிலும் ஒலித்தன. பார்வைக்கு இவை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையமும் சார்ந்த ஆய்வாளர்கள் இவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு, இவை தனித்தனி இனங்கள் என 2010ஆம் ஆண்டில் அறிவித்தனர். உயர்ந்த அதிர்வெண் கொண்ட வகைக்கு 2012ஆம் ஆண்டில் ரைனோலோபஸ் இந்தோரூக்சி எனப் பெயரிடப்பட்டது.

இத்தகைய கண்டுபிடிப்புக்கு முன்னோடி ஐரோப்பாவில் நிகழ்ந்தது. பிரித்தானியாவில் மிகப் பரவலான பிபிஸ்ட்ரெல் வௌவாலில் 45, 55 கிலோ ஹெர்ட்ஸ் என இரு ஒலி வகைகள் உள்ளதை ஜோன்ஸும் வான் பாரிஸும் 1993ஆம் ஆண்டில் அறிவித்தனர். 1997ஆம் ஆண்டில் மரபணுச் சான்று அவற்றை இரு இனங்களாக உறுதிசெய்தது. கண்ணால் நூற்றாண்டுகளாகப் பிரித்தறியப்படாதவற்றை வௌவால்களின் குரல் காட்டிக் கொடுத்தது.

அதிர்வெண் வேறுபாட்டுக்கான விளக்கங்கள்

அதிர்வெண் ஏன் வேறுபடுகிறது என்பதற்குப் பல கருதுகோள்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இவை ஒன்றையொன்று விலக்குபவை அல்ல.

உடல் அளவு: பெரிய உடலில் குரல்வளையும் பெரியது, அது தாழ்ந்த அதிர்வெண்ணில் அதிர்கிறது. தென்னிந்தியக் குதிரைலாட வௌவால்களில் இத்தொடர்பு தெளிவாகத் தெரிகிறது. உருவில் பெரிய பெடோமின் குதிரைலாட வௌவால் சுமார் 40 கிலோ ஹெர்ட்ஸிலும், நடுத்தர அளவினதான செந்நிற இனம் சுமார் 80 கிலோ ஹெர்ட்ஸிலும், சிறியதான ரைனோலோபஸ் லெபிடஸ் 100 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலும் ஒலிக்கின்றன. எனினும் ஏறக்குறைய ஒரே உருவளவு கொண்ட இந்தோரூக்சிக்கும் ரூக்சிக்கும் இடையே உள்ள வேறுபாட்டை உடல் அளவால் மட்டும் விளக்க இயலாது.

ஒலிக்கற்றையின் குவிவு: சிறிய வாயிலிருந்து எழும் தாழ்ந்த ஒலி எல்லாத் திசையிலும் சிதறிவிடும். ஒலியை முன்னோக்கிக் குவிக்கச் சிறிய வௌவால் உயர்ந்த அதிர்வெண்ணைக் கையாள வேண்டியுள்ளது என யாகப்சன், ராட்கிளிஃப், சுர்லிக்கெ ஆகியோர் 2013ஆம் ஆண்டில் விளக்கினர். உடல் அளவுக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள தொடர்புக்கு இது மற்றொரு விளக்கமாகும்.

இரையின் செவி: பல அந்துப்பூச்சிகளுக்கு மீயொலி கேட்கும் செவி உண்டு. அவை பெரும்பாலும் 20 முதல் 60 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கூர்மையாகக் கேட்டு விலகிப் பறக்கின்றன அல்லது தரையில் விழுந்துவிடுகின்றன. இப்பட்டைக்கு மேலோ கீழோ ஒலிக்கும் வௌவால் இரையின் காதுக்குத் தப்பக்கூடும் என ஃபென்டனும் ஃபுல்லார்டும் கருதினர். 130 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலிக்கும் இலைமூக்கு வௌவால்கள் இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு.

இனங்களுக்கிடையே தொடர்பு: எதிரொலிக்கென எழுப்பும் ஒலியை அருகிலுள்ள பிற வௌவால்களும் கேட்கின்றன. ஒரே குகையில் தங்கும் ஒத்த இனங்கள் வெவ்வேறு அதிர்வெண்களைக் கொண்டால் தத்தம் இனத்தை எளிதில் அறியலாம். மெகெலியின் குதிரைலாட வௌவாலில் பெண்கள் உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஆண்களைத் தேர்ந்தெடுப்பதாக 2014ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. துணைத் தேர்வே அதிர்வெண்ணை உயர்த்தும் விசையாகலாம் என்பதற்கு இது சான்று.

சீரிசைத் தாவல்: இந்தோனேசியாவின் வாலேசியா பகுதியில் வாழும் பிலிப்பைன் குதிரைலாட வௌவாலில் மூன்று உருவளவுகள் உள்ளன. அவை ஒரே அடிப்படை அதிர்வெண்ணின் வெவ்வேறு சீரிசைகளை முதன்மையாகக் கொள்வதைக் கிங்ஸ்டனும் ராசிட்டரும் 2004ஆம் ஆண்டில் அறிவித்தனர். சீரிசை மாறினால் கேட்கக்கூடிய இரையும் மாறும். துணையை அறியும் குரலும் மாறும். இதனால் ஒரே நிலப்பகுதியிலேயே இனங்கள் பிரியக்கூடும்.

தற்செயல் விலகல்: மலையாலோ கடலாலோ பிரிந்த கூட்டங்களில், எந்த நன்மையும் இன்றியே, தலைமுறைகள் செல்லச் செல்ல அதிர்வெண் சிறிது சிறிதாக விலகலாம். இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையே காணப்படுவது போன்ற வேறுபாடுகளைக் கருதும்போது இவ்வாய்ப்பையும் தழுவலையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பரிணாமப் பின்புலம்

குரல்வளையால் எதிரொலி காணும் வௌவால்கள் ஒரே கிளையைச் சேர்ந்தவை அல்ல. குதிரைலாட, இலைமூக்கு, எலிவால், போலி இரத்தமுறிஞ்சி வௌவால்கள் பழந்தின்னி வௌவால்களுக்கே நெருங்கிய உறவினர் என்பதை 2000ஆம் ஆண்டை ஒட்டி வெளியான மரபணு ஆய்வுகள் காட்டின. எனவே எதிரொலி காணும் திறன் ஒரு முறை தோன்றிப் பழந்தின்னிகளில் மறைந்ததா, இருமுறை தனித்தனியே தோன்றியதா என்பது விவாதத்துக்குரியதாயிற்று. செவியின் மயிர்க்கலங்களில் செயல்படும் பிரெஸ்டின் என்னும் புரதத்தை ஒப்பிட்டபோது, எதிரொலி காணும் இரு கிளைகளிலும் ஒத்த மாற்றங்கள் இருப்பது 2008ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. எதிரொலி காணும் டால்பின்களிலும் அத்தகைய ஒற்றுமை 2010ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. உயர்ந்த அதிர்வெண்ணைக் கேட்கும் தேவை, தொடர்பற்ற விலங்குகளிலும் ஒரே வகை மாற்றத்தை உண்டாக்கியுள்ளது.

சோழமண்டலக் கடற்கரையும் பழவேற்காடு ஏரியும்

தென்னிந்திய வௌவால்கள் பல அறிவியலுக்கு முதலில் அறிமுகமானது சோழமண்டலக் கடற்கரையிலிருந்தே. ஷ்னைடரின் இலைமூக்கு வௌவால் 1800ஆம் ஆண்டில் தரங்கம்பாடியிலிருந்தும், பெரிய போலி இரத்தமுறிஞ்சி வௌவால் 1810ஆம் ஆண்டில் சென்னையிலிருந்தும், கோரமண்டல் பிபிஸ்ட்ரெல் 1838ஆம் ஆண்டில் புதுச்சேரியிலிருந்தும் பெறப்பட்ட மாதிரிகளைக் கொண்டு விவரிக்கப்பட்டன. அவற்றைப் பெயரிட்டவர்களுக்கு இவ்விலங்குகள் ஒலி எழுப்புவதே தெரியாது. தோல், பல், மூக்கிலை ஆகியவற்றைக் கொண்டே இனங்கள் வகுக்கப்பட்டன.

இக்கடற்கரையின் வடபகுதியில், திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சேர்ந்த எளாவூரை ஒட்டியும் பிற மீனவர் ஊர்களை ஒட்டியும் பழவேற்காடு ஏரி பரந்துள்ளது. சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. அதிர்வெண்ணுக்கும் வாழிடத்துக்கும் உள்ள தொடர்பை விளங்கிக்கொள்ள இத்தகைய நிலப்பரப்பு நல்ல எடுத்துக்காட்டு. ஆழமற்ற நீர்ப்பரப்பு, பனைமரங்கள், ஓட்டு வீடுகள், கருவேலம் புதர்கள் ஆகியன ஓரிரு கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து அமைகின்றன. மேற்கூறிய விதிப்படி ஏரியின் மேல் உயரப் பறந்து இரை தேடத் தாழ்ந்த அதிர்வெண்ணும், வீட்டோரத்திலும் மர விளிம்பிலும் இடைநிலை அதிர்வெண்ணும், புதர்களுக்குள் உயர்ந்த அதிர்வெண்ணும் ஏற்றவை.

நீர்ப்பரப்புக்கு மற்றொரு தன்மையும் உண்டு. அலையற்ற நீர் ஒலிக்குக் கண்ணாடி போன்றது. சாய்வாக வந்து விழும் ஒலியை அது முன்னோக்கியே தெறிக்கச் செய்வதால் வௌவாலுக்குப் பின்னணி எதிரொலி திரும்பி வருவதில்லை. நீரின்மேல் உள்ள பூச்சி மட்டும் தெளிவாகத் தெரிகிறது. புல்தரையை ஒட்டிப் பறக்கும் பூச்சியை விட அமைதியான நீரை ஒட்டிப் பறக்கும் பூச்சியை வௌவால் எளிதில் கண்டறிவதை ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியுள்ளன. காற்று வீசி நீர் சிற்றலையிடும்போது இவ்வசதி குறைந்துவிடும்.

பயன்பாடும் பாதுகாப்பும்

அதிர்வெண் பற்றிய அறிவு வௌவால்களைப் பிடிக்காமலே கணக்கெடுக்க உதவுகிறது. மீயொலியைப் பதிவுசெய்யும் கருவியை ஓரிடத்தில் வைத்து, பதிவான ஒலிகளை ஏற்கனவே அறிந்த இனங்களின் ஒலிகளோடு ஒப்பிடுவதே இம்முறை. கர்நாடகத்தின் குதுரேமுக் மழைக்காடுகளிலும், தமிழ்நாட்டின் வால்பாறைப் பகுதியிலும் மேற்கொள்ளப்பட்டு 2014ஆம் ஆண்டில் வெளியான இரு ஆய்வுகள் தென்னிந்திய இனங்களுக்கான ஒலித்தொகுப்புகளை வழங்கின. வால்பாறை ஆய்வாளர்கள் அதன் துணையுடன் தேயிலை, காப்பித் தோட்டங்கள், ஆற்றோரக் காடுகள், காட்டுத் துண்டங்கள் ஆகியவற்றில் எவ்வினங்கள் வாழ்கின்றன என்பதை ஆராய்ந்தனர்.

ஒரு நாட்டில் தொகுத்த ஒலிகளைக் கொண்டு மற்றொரு நாட்டில் இனங்காண்பது பிழைக்கு இடமளிக்கும். இலங்கையில் 75 கிலோ ஹெர்ட்ஸில் ஒலிக்கும் இனம் தென்னிந்தியாவில் 80க்கு மேல் ஒலிப்பதும், 90இல் ஒலிப்பது வேறோர் இனமாக இருப்பதும் இதற்குச் சான்று. இப்பிழை வெறும் பெயர்ப் பிழையன்று. பரவலாக வாழும் ஓர் இனம் எனக் கருதப்பட்டது உண்மையில் இரண்டாயின், ஒவ்வொன்றின் தொகையும் பரப்பும் முன்பு எண்ணியதை விடக் குறைவு. ஒன்று அழிந்தாலும் மற்றதைக் கண்டு இனம் நலமாக உள்ளதாக எண்ணிவிட நேரும்.

குகைகளையும் பாறைப் பிளவுகளையும் நம்பி வாழும் இலைமூக்கு, குதிரைலாட வௌவால்கள் கல் உடைத்தலால் எளிதில் பாதிக்கப்படுகின்றன. 1994ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட கோலார் இலைமூக்கு வௌவால் இதற்கு எடுத்துக்காட்டு. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் அனுமனஹள்ளியிலுள்ள ஒரு குகையில் மட்டுமே எஞ்சியிருப்பதாக அறியப்பட்ட இவ்வினம், கருங்கல் வெட்டியெடுத்தலால் அச்சுறுத்தலுக்கு உள்ளாகி, மிக அருகிய இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. பழைய கோயில் மண்டபங்களையும் கைவிடப்பட்ட கட்டடங்களையும் புதுப்பிக்கும்போது அங்குத் தங்கும் கூட்டங்கள் இடம் இழக்கின்றன. போக்குவரத்து இரைச்சலும் ஒரு சிக்கலாகும். சலசலப்பைக் கேட்டு இரை பிடிக்கும் ஐரோப்பியப் பெரிய எலிக்காது வௌவாலின் வேட்டைத் திறன் சாலை இரைச்சலால் குறைவதை 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.

உயர்ந்த அதிர்வெண் கொண்ட இனங்களுக்கு இன்னொரு குறைபாடும் உண்டு. சில மீட்டர் தொலைவை மட்டுமே அறியக்கூடிய, மெல்லப் பறக்கும் இவ்வௌவால்கள் மறைவான செடிகொடிகளை விட்டுத் திறந்த வெளியைக் கடக்கத் தயங்குகின்றன. எனவே காடு துண்டாகும்போது முதலில் மறைபவை பெரும்பாலும் இவையே. உயரப் பறக்கும் தாழ்ந்த அதிர்வெண் இனங்கள் நகரங்களின் மேலும் இரை தேடித் தாக்குப் பிடிக்கின்றன. நெருக்கமான காட்டில் இரையைப் பிரித்தறிய உதவிய அதே ஒலி, அக்காடு அழியும்போது அவ்வினங்களைச் சிறு சிறு இடங்களுக்குள் அடைத்துவிடுகிறது.

இவற்றையும் பார்க்க

- வௌவால்
- எதிரொலி இடங்காணல்
- டாப்ளர் விளைவு
- குதிரைலாட வௌவால்
- மேற்குத் தொடர்ச்சி மலை
- பழவேற்காடு ஏரி